போர்டு இல்லாத சைக்கிள் கடையும் ருவாண்டா ரேஸும்

கூடலூர் என்றதும் ஊட்டிப் பக்கம் போய்விட வேண்டாம். இது தேனி மாவட்டத்துக் கூடலூர். கம்பத்தைத் தாண்டி, குமுளி மலை ஏறுவதற்கு முன்னால் வருகிற ஊர். இதற்கு அப்புறம் லோயர் கேம்ப், அப்புறம் மலை, மலைக்கு மேலே கேரளா. இங்கே மெயின் ரோட்டிலிருந்து ஒரு சந்துக்குள் போனால் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. பேர்ப் பலகை கிடையாது, மேப்பில் தேடினாலும் வராது, வாசலில் மாலை மாதிரி தொங்குகிற பழைய டியூப்களும் பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டியும்தான் அடையாளம். கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். என் வண்டியை அவரிடம் கொடுத்து, வாங்கி, சில மாதம் மலையில் ஓட்டியும் பார்த்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன். கடையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ருவாண்டா நாட்டு சைக்கிள் பந்தயமும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது, என்னால் பிரிக்க முடியவில்லை. கடை விவரம் மட்டும் போதும் என்பவர்கள் நடுவில் கொஞ்சம் தாவிக்கொள்ளலாம்.

என்னுடையது எர்ணாகுளத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ரோடு பைக், அலுமினிய ஃபிரேம், பின்னால் எட்டுப் பல்சக்கரம். சமவெளிக்குத் தங்கம். கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் வரை திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே காற்றாகப் போகும். பென்னிகுவிக் மணிமண்டபத்தைத் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் முட்டி கத்த ஆரம்பிக்கும். முன்னால் சின்னச் சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 25 பல், அதற்குக் கீழே இறக்க வழியில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன், பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி 2.85 மீட்டர் போயாக வேண்டும், அதைவிடக் குறைவாகப் போக அது சம்மதிக்காது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் இறங்கித் தள்ளுவேன். காலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகிற அக்காமார்கள் என்னைப் பார்த்து "தள்ளு தள்ளு" என்று கத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள். தினமும் பார்க்கிற முகங்கள்தான், தப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

முதலில் ஒரு பெரிய ஊர் ஷோரூமுக்குத்தான் போனேன் (பேர் வேண்டாம்). ஏசி, கண்ணாடி, கையில் காபி எல்லாம் கொடுத்து, "சார், இதுக்கு கியர் செட் மொத்தமும் மாத்தணும்" என்று 28,000 ரூபாய்க்கு ஒரு பேப்பர் நீட்டினார்கள். நான் வண்டி வாங்கியதே 22,000 ரூபாய்க்கு.

கூடலூர்க்காரர் வண்டியை ஒரு தடவை தூக்கிப் பார்த்தார், பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டார், கேட்டது ஒரே கேள்வி.

"இதுல என்ன ஏத்துவீங்க தம்பி?"

"ஒண்ணும் ஏத்த மாட்டேன்ணே. நான் மட்டுந்தான்."

"அப்ப நீங்கதான் மூட்டை. எத்தனை கிலோ?"

84 கிலோ என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். இதுவரை எந்தக் கடையிலும் என் எடையைக் கேட்டதில்லை, என் பட்ஜெட்டைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

அவர் செய்தது இதுதான். பின்னால் 11-லிருந்து 34 பல் வரை உள்ள கேசட், அதாவது பல்சக்கர அடுக்கு, போட்டார். செயினைச் சக்கரம் விட்டுச் சக்கரம் தள்ளுகிற டெரெய்லர், என்னுடைய பழையதுக்கு அவ்வளவு பெரிய சக்கரம் எட்டாது, அதனால் மலை பைக்குக்கு வருகிற நீளக் கை டெரெய்லர் ஒன்றை வாங்கிவரச் சொல்லி மாட்டினார். ஷிமானோ கம்பெனி கியரில் எட்டு ஸ்பீட் வரைக்கும் ரோடு பைக் ஷிஃப்டரும் (கையால் கியர் மாற்றுகிற லீவர்) மலை பைக் டெரெய்லரும் கேபிளை இழுக்கிற அளவு ஒன்றேதான், ஒன்றோடு ஒன்று சேரும். ஷோரூமில் இது தெரியாமலா இருந்திருக்கும்? செயின் புதுசு, ஏனென்றால் பழையது நீளம் பத்தாது. பின்சக்கரத்து ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிச் சத்தம் கேட்டுக் கோட்டம் எடுத்தார், கோன் திறந்து பால்ரஸ் மாற்றி கிரீஸ் வைத்தார். கூலியோடு சேர்த்து 4,150 ரூபாய். இப்போது ஒரு மிதிக்கு 2.1 மீட்டர். மெதுவாகத்தான் போகிறேன், ஆனால் இறங்காமல் குமுளி செக்போஸ்ட் வரை போகிறேன். அக்காமார்களுக்குத்தான் ஏமாற்றம்.

வியாழக்கிழமை தருகிறேன் என்றவர் அடுத்த செவ்வாய்க்கிழமைதான் தந்தார். நடுவில் தினமும் போய் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்ததில்தான் ருவாண்டா வந்தது.

என் சித்தப்பா மகன் கிகாலியில் ஒரு ஹார்டுவேர் கம்பெனியில் கணக்கு பார்க்கிறான். கிகாலி என்றால் ருவாண்டாவின் தலைநகரம். பிப்ரவரி கடைசியானால் அவன் ஆபீஸ் வாசலில் ரோட்டை அடைத்துவிடுவார்கள், டூர் டு ருவாண்டா என்கிற எட்டு நாள் சைக்கிள் ரேஸ் போகும், இவன் வீடியோ எடுத்து அனுப்புவான். அந்த வீடியோக்களில் ஒன்றைக் கடைக்கார அண்ணனிடம் காட்டினேன். அவர் ரேஸ்காரர்களைப் பார்க்கவே இல்லை. ரோட்டோரத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவரின் சைக்கிளைப் பார்த்து "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றார். கேரியரில் நான்கு வாழைத்தார். "இந்தக் கட்டு நம்ம கட்டுதானே" என்றார்.

அந்த நாட்டை ஆயிரம் குன்றுகளின் நாடு என்பார்கள். பரப்பு 26,338 சதுர கிலோமீட்டர், கேரளாவில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதிலும் சமதளம் தேட வேண்டியிருக்கும். காபி, தேயிலை, வாழை, சைக்கிளில் ஏற்றிப் போகிற உருளைக்கிழங்கு மூட்டை. நம் இடுக்கியைப் பெரிதாக்கிவைத்த மாதிரி. அங்கே சைக்கிள் ஏழையின் லாரி. மரத்தாலேயே சக்கரம் முதல் ஹேண்டில்பார் வரை செய்து, மிதிக்காமல் இறக்கத்தில் உருட்டிக்கொண்டு வருகிற வண்டிகளும் உண்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் காங்கோவின் கோமா நகரத்தில் அதற்கு சுக்குடு என்று பேர், ஊர் நடுவே தங்க நிறத்தில் அதற்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். ருவாண்டாவில் ஆளை ஏற்றிப் போகிற சைக்கிள் டாக்ஸியும் இருக்கிறது. இந்த மூட்டைக்காரர்களும் டாக்ஸிக்காரர்களும் மிதித்த ரோட்டில்தான் பந்தயம் வளர்ந்தது. அண்ணனுக்கு இது ஒன்றும் ஆச்சரியமாக இல்லை. "மூட்டை ஏத்துனவனுக்குத்தானே ஏத்தம் தெரியும்" என்று சொல்லிவிட்டு பஞ்சர் ஒட்டப் போய்விட்டார்.

ரேஸ் தொடங்கியது 1988-இல். முதல் போட்டியில் ஜெயித்தவர் அந்த நாட்டுக்காரர்தான். 1990-இல் உள்நாட்டுப் போர் வந்தது, 1994-இல் ஏப்ரல் தொடங்கி சுமார் நூறு நாளில் எட்டு லட்சம் பேர் வரை கொல்லப்பட்ட அந்தப் படுகொலை. பக்கத்து வீட்டுக்காரனே வெட்டிய கதை அது, பந்தயம் நின்றுபோனதை யார் கவனித்திருப்பார்கள். நான் இதைச் சொன்னபோது கடையில் இருந்த குமுளிக்காரர் ஒருவர் "அது டீவீல கண்டிட்டுண்டு" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டார். எல்லோருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

திரும்ப எழுந்த கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மலை பைக்கை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்கர் டாம் ரிச்சி 2005-இல் அங்கே போய், மர சைக்கிளையும் மூட்டைக்காரர்களையும் பார்த்துவிட்டு, 2006-இல் மர சைக்கிளுக்கும் சேர்த்து ஒரு பந்தயம் நடத்தினார். கூடவே காபி பைக் என்று ஒன்றை வடிவமைத்தார். பறித்த காபிப் பழத்தைச் சில மணி நேரத்துக்குள் தோல் நீக்குகிற இடத்துக்குக் கொண்டுபோகாவிட்டால் தரம் இறங்கிவிடும், இது நம் பக்கம் காபி வைத்திருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்காகவே பின்பக்கம் நீளமாக இழுத்து, சீட்டுக்குப் பின்னால் மூட்டை போட இடம்விட்டு, கியரும் வைத்துச் செய்த வண்டி. இந்தப் படத்தைக் காட்டியபோது அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "சக்கரம் எம்புட்டுப் பின்னால போகுது பாருங்க. அப்பத்தான் முன்னாடி தூக்காது."

2007-இல் ஜானதன் பாயர் வந்தார், உலகத்தின் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸை 1981-இல் ஓட்டிய முதல் அமெரிக்கர். அவர்தான் டீம் ருவாண்டாவைக் கட்டினார். ஆட்களைத் தேடி எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை, மலையில் கனத்த இரும்பு சைக்கிளில் ஆளையும் மூட்டையையும் ஏற்றி மிதித்துப் பழகின பையன்களே இருந்தார்கள். எரிமலைகளுக்குக் கீழே முசான்ஸே என்ற ஊரில் பயிற்சி. அந்த முதல் வரிசையில் வந்த ஏட்ரியன் நியோன்ஷுட்டி, படுகொலையில் சகோதரர்களைப் பறிகொடுத்தவர், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நாட்டுக் கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்தார், மலை பைக் பந்தயத்தை ஓட்டியும் முடித்தார்.

2009-இல் உலக சைக்கிள் சம்மேளனம் டூர் டு ருவாண்டாவைத் தன் பட்டியலில் சேர்த்தது, 2.2 என்ற தரத்தில். முதல் 2 பல நாள் பந்தயம் என்பதைக் குறிக்கும், அடுத்தது படி. அந்தப் படியில் உலகத்தின் பெரிய அணிகள் வர முடியாது. வந்தவர்கள் எல்லாம் ஜெயித்துக்கொண்டு போனார்கள், 2009-இல் மொராக்கோ, 2010-இல் எரித்ரியாவின் டேனியல் டெக்லேஹைமனோட், அப்புறம் அமெரிக்கர், தென்னாப்பிரிக்கர். உள்ளூர்க்காரர் யாரும் இல்லை. ஆறாவது வருஷம், 2014-இல், இருபது வயது வாலன்ஸ் நதாயிசெங்கா ஜெயித்தார். அப்புறம் நான்கு வருஷம் உள்ளூர்க்காரர்கள் வேறு யாரையும் விடவில்லை: 2015 ஜான் போஸ்கோ செங்கிமானா, 2016 மறுபடி நதாயிசெங்கா, 2017 ஜோசப் அரெருயா, 2018 சாமுவேல் முகிஷா. என் தம்பி சொல்வான், அந்த ஊரில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் வரை இந்தப் பேர்களைச் சொல்வார்களாம், நம் ஊரில் கபடிக்காரர்களைச் சொல்கிற மாதிரி. வேடிக்கை பார்க்க டிக்கெட் கிடையாது, ஸ்கூல் பிள்ளைகள் யூனிஃபார்மோடு மேட்டில் வரிசையாக நிற்பார்கள்.

2019-இல் பந்தயம் 2.1-க்கு உயர்ந்தது, முதல்முறையாக அஸ்தானா என்ற பெரிய அணி வந்தது, அந்த அணியின் எரித்ரியக்காரர் மெர்ஹாவி குடுஸ் ஜெயித்தார். எரித்ரியாவை இத்தாலி ஆண்ட காலத்தில் விட்டுப்போன சைக்கிள் பித்து அங்கே இன்னும் இறங்கவில்லை, 2020-இலும் 2022-இலும் நத்னாயெல் டெஸ்ஃபாட்சியன், 2023-இல் ஹெனோக் முலுப்ரஹான் என்று அந்த நாட்டுக்காரர்களே அள்ளினார்கள். நான்கு டூர் டி பிரான்ஸ் ஜெயித்த, நைரோபியில் பிறந்த கிறிஸ் ஃப்ரூம்கூட 2023-இல் வந்து ஓட்டினார். 2024 பிரிட்டன்காரர் ஜோசப் பிளாக்மோர், 2025 பிரான்ஸின் ஃபேபியன் டூபே. 2014 முதல் 2018 வரை வீட்டுக்குள்ளேயே இருந்த கோப்பை, பந்தயம் பெரிதான வருஷத்திலிருந்து 2025 வரை ஒரு தடவைகூட ருவாண்டாக்காரர் கைக்கு வரவில்லை. எனக்கு இது உறுத்தத்தான் செய்கிறது. தரம் உயர்ந்தது என்று சந்தோஷப்படுவதா, கோவில் கொடைக்குப் பெரிய மேளம் கூப்பிட்டு நம் ஊர் மேளக்காரர் ஓரமாக நின்ற மாதிரி என்று வருத்தப்படுவதா? கிகாலியில் இருப்பவனைக் கேட்டால், "பிள்ளைங்க இன்னும் நிக்கிறாங்கண்ணே, யார் ஜெயிச்சாலும் கத்துறாங்க" என்கிறான்.

2025 பிப்ரவரியில் இன்னொரு சிக்கல். ஜனவரி கடைசியில் கிளர்ச்சிப் படை கோமாவைப் பிடித்துவிட்டது. கோமாவும் ருவாண்டாவின் ருபாவுவும் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர்கள், நடுவில் ஒரு கேட்டு, தினமும் ஆயிரக்கணக்கான பேர் காய்கறிக் கூடையோடு நடந்தே எல்லை தாண்டுவார்கள். குமுளி பஜாரில் இந்தக் கடை தமிழ்நாடு, அந்தக் கடை கேரளா என்று இருக்கிற மாதிரிதான், ஆனால் நமக்கு அதிகபட்சம் போலீஸ் வண்டியை நிறுத்துவார்கள், அவர்களுக்குத் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். பயந்து சௌடல் குவிக்ஸ்டெப்பின் இளையோர் அணி வரவில்லை என்று சொல்லிவிட்டது. ரேஸ் நடந்தது. அந்த நேரத்தில் பந்தயம் தேவையா என்று கேட்டவர்களும் உண்டு, அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

அதே வருஷம் செப்டம்பர் 21 முதல் 28 வரை உலக சாம்பியன்ஷிப்பே கிகாலிக்கு வந்தது, ஆப்பிரிக்காவில் அதுவே முதல் முறை. என் வண்டி கடையில் கிடந்த வாரம் அது. கடைசி நாள் ஆண்கள் பந்தயத்தை மறுநாள் திங்கட்கிழமை கடை பெஞ்சில் உட்கார்ந்து, என் போனில், ஹைலைட்ஸாகப் பார்த்தோம். 267.5 கிலோமீட்டர், ஏற்றம் மட்டும் கூட்டினால் 5,400 மீட்டருக்கு மேல். கிகாலிச் சுவர் என்று ஒரு கல் பாவிய மேடு, 400 மீட்டர்தான், ஆனால் 11 சதவீதச் சரிவு, டூர் டு ருவாண்டாவில் வருஷாவருஷம் பெயர் வாங்கின இடம். நூற்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் கிளம்பினார்கள், முடித்தது 30 பேர். ஸ்லோவேனியாவின் டாடே போகாச்சர் 66 கிலோமீட்டர் தனியாகவே மிதித்து ஜெயித்தார். அண்ணன் அதையெல்லாம் விட்டுவிட்டு "பின்னால எத்தனை பல்லு போட்டிருக்கான்?" என்று கேட்டார். தெரியவில்லை, ஆனால் பெரிசாத்தான் இருக்கும் என்றேன். "நான் சொன்னேன்ல" என்று என் கேசட்டைக் காட்டினார். போகாச்சருக்கும் எனக்கும் அவர் பார்வையில் அவ்வளவுதான் வித்தியாசம், அவன் மூட்டை கொஞ்சம் எடை கம்மி.

இவர் சின்ன வயதில் லோடு சைக்கிள் கட்டியவர். அந்தக் காலத்தில் மலைக்கு மேலே போகிற சரக்கு பாதி சைக்கிளில் போனது என்கிறார். முன்னால் டபுள் ஃபோர்க், இரும்புக் கம்பியில் அடித்த கேரியர், இறக்கத்தில் பிரேக் கட்டை போதாது என்று பின்னால் பழைய டயரைக் கட்டித் தரையில் இழுத்துவருகிற வித்தை, எல்லாம் சொல்வார். என்ன சரக்கு என்று கேட்டால் காய்கறி, தேங்காய், புளி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, அரிசி என்று நான் எடுத்துக்கொடுத்தால் மட்டும் சிரித்துக்கொண்டு ஸ்பேனரைத் தேடப் போய்விடுவார்.

சரி, குறைகள். சொன்ன தேதிக்கு எதையும் எதிர்பார்க்காதீர்கள். பில் கிடையாது, சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதித் தருவார். ஆன்லைன் பணம் வாங்குவார், ஆனால் அது மகன் நம்பருக்குப் போகும், மகன் போனை எடுத்து "வந்துருச்சுப்பா" என்று சொல்கிறவரை நீங்கள் நகர முடியாது. என் வெள்ளை ஹேண்டில்பார் டேப்பில் ஐந்து விரலும் கிரீஸில் பதிந்து வந்தது, இன்னும் போகவில்லை. போல்ட்டை இறுக்க அளவுக் கருவி எல்லாம் இல்லை, கைப்பக்குவம்தான், அதனால் கார்பன் ஃபிரேம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து போகாதீர்கள், அவரே "இது பிளாஸ்டிக் மாதிரி இருக்கு, நான் தொட மாட்டேன்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஆயில் டிஸ்க் பிரேக்கும் அவருக்கு ஆகாது. பாகங்கள் ஸ்டாக் வைத்திருப்பதில்லை, சீட்டில் எழுதிக்கொடுப்பார், மதுரையிலோ ஆன்லைனிலோ நீங்கள்தான் வாங்கிவர வேண்டும். முதல் தடவை நான் தப்பான கேசட் வாங்கிவந்து ஐந்நூறு ரூபாய் போச்சு, அது என் தப்பு, சீட்டில் சரியாகத்தான் எழுதியிருந்தார்.

காலை பத்திலிருந்து ஒரு மணி வரைக்கும், மறுபடி நாலு மணிக்கு மேல். அவர் மச்சானுக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது, அறுப்பு நடக்கிற நாட்களில் கடை பாதி ஷட்டரோடு நிற்கும், குனிந்து குரல் கொடுத்தால் சில சமயம் ஆள் இருப்பார். பஞ்சருக்குக் காத்திருக்க வேண்டாம், அது உடனே. கியர் வேலைக்குக் கொடுப்பதாக இருந்தால் உங்கள் எடையை நிஜமாகச் சொல்லுங்கள், நான்கு கிலோ குறைத்துச் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன், அந்த ஒன்று தேதிக்காக.

போன வாரம் செயினுக்கு எண்ணெய் போடப் போனபோது கடைக்குள்ளே ஒரு பழைய கறுப்பு சைக்கிள் பின்பக்கம் அறுத்துக் கிடந்தது. பின்சக்கரத்தை ஒரு முழம் தள்ளிவைக்க இரும்புக் குழாய் வெட்டி வைத்திருக்கிறார், ஒரு பக்கம் வெல்டிங் முடிந்திருக்கிறது, இன்னொரு பக்கம் கட்டுக்கம்பியில் நிற்கிறது. ருவாண்டாக் காபி பைக்கின் படத்தை என் போனிலிருந்து வாங்கிப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார், பக்கத்தில் பென்சிலில் அளவுகள். குமுளி பஜாரில் வாழைக்காய் விற்கிறவர் ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டாராம். எப்போது தருவீர்கள் என்று கேட்டேன். வியாழக்கிழமை என்றார்.